அத்தியாயம் 5: பழைய லாம்பிரட்டாவை மீண்டும் ஓடவைத்தல்

பழைய ஸ்கூட்டர் வாங்கியவர்கள் முதலில் கேட்பது, "என்ன கலர் அடிக்கலாம்?" என்றுதான். வீட்டில் ஆளுக்கொரு கருத்து இருக்கும். பேசிக்கொண்டே இருக்கட்டும், அவசரமில்லை. இந்த அத்தியாயத்தில் பெயின்ட் மிகவும் பின்னால்தான் வருகிறது. அதற்கு முன் ஆவணம், பிரிப்பு, இன்ஜின், தகட்டு வேலை, வண்டி முழுவதையும் ஒருமுறை பூட்டிப் பார்ப்பது எல்லாம் முடிந்திருக்க வேண்டும். வரிசை மாறினால் ஒரே வேலைக்கு இரண்டு தடவை காசு கொடுப்பீர்கள். புதுப் பெயின்டின் மேல் வெல்டிங் வைக்க நேர்ந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டிருப்பது லாம்பிரட்டா எல்.ஐ. 150, இரண்டாம் வரிசை. 148 சி.சி., இரண்டு ஸ்ட்ரோக், நான்கு கியர். இத்தாலியில் இன்னொசென்டி நிறுவனம் 1959 முதல் 1961 வரை இதைச் செய்தது. பம்பாயின் ஆட்டோமொபைல் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, அதாவது ஏ.பி.ஐ., இந்த உருவத்தை அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் விடாமல் செய்துவந்தது. கடைசியில் லாம்பி என்ற பெயரிலும் விற்றது. நம் ஊர்ப் பக்கம் கொல்லைப்புறத்திலும் மாட்டுக் கொட்டகையிலும் கிடைப்பவை பெரும்பாலும் இந்த ஏ.பி.ஐ. வண்டிகள்தான்.

## உங்கள் கையில் இருப்பது எது?

டூம், அதாவது ஹெட்லைட், ஹேண்டில்பாரிலேயே இருந்து அதோடு சேர்ந்து திரும்பினால், உடம்பு உருண்டு திரண்டு இருந்தால், அது இரண்டாம் வரிசை. உடம்பு ஒல்லியாக, கோடுகள் நேராக இருந்தால் அது பிற்கால வடிவம். அந்த வகையில் இங்கே அதிகம் கிடைப்பது விஜய் சூப்பர். இன்னொசென்டி 1971இல் லாம்பிரட்டாவை நிறுத்தியதும், அதன் இயந்திரங்களை 1972இல் அரசு நிறுவனமான ஸ்கூட்டர்ஸ் இந்தியா வாங்கி லக்னோவுக்குக் கொண்டுவந்தது. அங்கிருந்து வந்த வண்டி அது.

இந்த வரலாறு உங்கள் பர்ஸுக்கு நல்லது. விஜய் சூப்பர் இன்ஜினும் எல்.ஐ. இன்ஜினும் ஒரே குடும்பம் என்பதால் கிளட்ச், செயின், சீல், பேரிங் போன்ற பல சாமான்கள் இன்றும் கிடைக்கின்றன. டயர் 3.50-10, பஜாஜ் சேத்தக்கிற்குப் போடும் அதே அளவு. இதே காலத்தில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா செய்த ஃபென்டாபுலஸ் இதைவிடப் பல மடங்கு அரிது. ஆனால் அதன் வில்லியர்ஸ் இன்ஜினுக்குச் சாமான் தேடுவதே தனி உத்தியோகம். முதல் வண்டியாக அதைத் தொடாதீர்கள்.

ஒரு கருத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏ.பி.ஐ. வண்டிக்கு இத்தாலி பேட்ஜ் ஒட்டி இத்தாலி வண்டியாக வேஷம் போட வேண்டாம். அதன் மதிப்பே அது பம்பாயில் பிறந்தது என்பதுதான். பழைய பேட்ஜ், டூல் பாக்ஸ் மூடி, நம்பர் தட்டு என எது மிச்சம் இருந்தாலும் அதைக் காப்பாற்றுங்கள்.

## வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. ஆர்.சி. புக். சேஸிஸில் குத்தியிருக்கும் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளவையும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எண் இருக்கும் இடத்தில் அரம் போட்ட தடமோ, புது வெல்டிங்கோ தெரிந்தால் பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள்.
2. சேஸிஸ். லாம்பிரட்டாவின் முதுகெலும்பு ஓர் இரும்புக் குழாய். மேலே இருக்கும் தகடுகள் எல்லாம் அதில் பூட்டியவை. வண்டியைச் சம தரையில் நிறுத்தி, பத்தடி பின்னால் நின்று குனிந்து பாருங்கள். முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா? கால் வைக்கும் பலகைகளைத் தாங்கும் குழாய்கள் அடியில் துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கின்றனவா?
3. காந்தம். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி சைடு டிக்கி, மட்கார்டு, முன் ஷீல்டு ஆகியவற்றின் மேல் நகர்த்துங்கள். ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் தகட்டுக்கு மேல் பட்டி கனமாக இருக்கிறது என்று பொருள். ஓரிரு இடம் பரவாயில்லை. ஷீல்டு முழுக்க வழுக்கினால் நீங்கள் வாங்குவது பட்டியைத்தான்.
4. இன்ஜின் சுற்றுகிறதா? பிளக்கைக் கழற்றிவிட்டுக் கையால் மெதுவாகக் கிக்கரை அழுத்திப் பாருங்கள். இறுகிப் போயிருந்தால் ஏறி மிதிக்காதீர்கள். ஒட்டிக்கொண்ட பிஸ்டனோடு கிக்கர் கியரும் போய்விடும்.
5. சின்னச் சாமான்கள். இன்ஜினை உருவாக்கிவிடலாம். சைடு டிக்கி, டூம் வளையம், ஸ்பீடோமீட்டர், சீட் பிரேம் ஆகியவை இல்லாத வண்டியை முழுதாக்க வருடக்கணக்கில் அலைய வேண்டும். ஓடாத, ஆனால் குறையில்லாத வண்டி, ஓடுகிற அரைகுறை வண்டியைவிட மேல்.

பளபளப்பாகப் "புதுசு போல" விற்பனைக்கு வரும் வண்டிகளிடம் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். இந்தியாவில் அவசரமாக அலங்கரித்து வெளிநாட்டுக்கு அனுப்பிய ஸ்கூட்டர்கள் அங்கே வாங்கிய கெட்ட பெயர் சும்மா வந்ததல்ல. ஒட்டுப்போட்ட சேஸிஸ், கால் அங்குலப் பட்டி, அதற்கு மேல் இரட்டை வண்ணம். துருவோடு நிற்கும் வண்டி பொய் சொல்லாது.

## ஆர்.டி.ஓ. விஷயம்

1989க்கு முந்தைய மூன்றெழுத்து எண்ணோடு, உயிருள்ள ஆர்.சி. இருந்தால் அதை விடாதீர்கள். காலாவதியாகியிருந்தால் பிரேக், விளக்கு, ஹாரன் எல்லாம் வேலை செய்யும் நிலையில் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். வேலை முடியும் வரை காத்திருங்கள். பெயர் மாற்றத்தை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். விற்றவர் ஊர் மாறிவிட்டால் கையெழுத்துக்கு அலைய வேண்டியிருக்கும். வேறு மாநில வண்டி என்றால் என்.ஓ.சி. கைக்கு வந்த பிறகே முழுப் பணமும் கொடுங்கள்.

2021இல் மத்திய அரசு வின்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, உருவம் பெரிதாக மாற்றப்படாத வண்டிகளுக்கு அது பொருந்தும். புதிதாகப் பதிந்தால் 20,000 ரூபாய் கட்டணம், வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனி எண், 10 ஆண்டு செல்லுபடி. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் சாலையில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் டிபனுக்கு ஓட்டிப் போகும் ஆசை இருந்தால், சாதாரணப் பதிவைப் புதுப்பித்து வைத்துக்கொள்வதே நல்லது.

நிறத்தை மாற்றினாலும் இன்ஜினை மாற்றினாலும் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். பழைய நிறத்தையே அடித்தால் ஒரு வேலை மிச்சம்.

## பட்டறைக்குத் தேவையானவை

ரிங் ஸ்பேனர் செட், பாக்ஸ் ஸ்பேனர், நல்ல ஸ்க்ரூடிரைவர், சர்க்கிளிப் பிளையர், ஃபீலர் கேஜ், ரப்பர் சுத்தியல். இவற்றோடு லாம்பிரட்டாவுக்கென்றே சில டூல்கள் வேண்டும்: ஃப்ளைவீல் புல்லர், கிளட்ச் கம்ப்ரெஸர், பின் ஹப் புல்லர், சைலன்ட் பிளாக் கழற்றும் டூல். வாங்கிவிடுங்கள், அல்லது பழைய மெக்கானிக்கிடம் இரவல் கேளுங்கள். இந்த நான்கும் இல்லாமல் உளியும் சுத்தியலுமாக வேலை பார்த்த வண்டியை இன்ஜின் உடம்பில் இருக்கும் வடுக்களே காட்டிக்கொடுக்கும்.

பாதுகாப்பு

- டேங்கிலுள்ள பழைய பெட்ரோலை வெட்டவெளியில் இறக்குங்கள். பக்கத்தில் பீடி, சுவிட்ச், கிரைண்டர் எதுவும் கூடாது. பவுடர் வகைத் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.
- காலியான டேங்க்தான் நிரம்பியதைவிட ஆபத்து. உள்ளே நிற்கும் ஆவி ஒரு பொறிக்கு வெடிக்கும். டேங்க் ஓட்டையை வீட்டில் வெல்டிங் வைக்க முயலாதீர்கள். டேங்க் வேலை மட்டுமே பார்ப்பவர்களிடம் கொடுங்கள்.
- பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைத் திறந்து வாயாலோ காற்றுக் குழாயாலோ தூசியை ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.
- காஸ்டிக் சோடா பெயின்ட்டை உரிக்கும், கையையும் உரிக்கும், அலுமினியத்தைத் தின்றுவிடும். இன்ஜின் சாமான்களை அதில் ஊறப் போடவே கூடாது.

## பிரித்தல்

கழற்றுவது ஒரு நாள் வேலை என்று தோன்றும். அந்த வேகம்தான் பிறகு அட்டைப் பெட்டியில் யாருக்கும் அடையாளம் தெரியாத இரண்டு கிலோ நட்டு போல்ட்டாக மிஞ்சும்.

1. நாற்புறமும் போட்டோ எடுங்கள். பிறகு கேபிள்கள் போகும் வழியை, வயர் நுழையும் ஓட்டைகளை, வாஷர் அடுக்கப்பட்ட வரிசையைக் கிட்டத்தில் எடுங்கள்.
2. ஒவ்வொரு பகுதியின் நட்டு போல்ட்டும் தனித்தனி ஜிப் பையில். பையின் மேல் பெயர். துரு ஏறிய போல்ட்டையும் எறியாதீர்கள்; நீளமும் புரியும் அதிலிருந்துதான் தெரியும்.
3. ஸ்பேனர் வைப்பதற்கு முந்தின நாளே எல்லா நட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். அசையாத நட்டுக்குச் சூடு காட்டுங்கள். நீட்டு குழாய் போட்டு இழுத்தால் போல்ட் தலை கையோடு வரும்.
4. சைடு டிக்கி, சீட், டேங்க், கால் பலகை, ஷீல்டு என்று வெளியிலிருந்து உள்ளே போங்கள்.
5. கேபிள்களை இழுத்து எறியும் முன் ஒவ்வொன்றின் நுனியிலும் கெட்டியான நூலைக் கட்டி இழுங்கள். நூல் உள்ளேயே தங்கட்டும். புதுக் கேபிளை அதே வழியில் கொண்டுபோக அது உதவும். கியருக்கு மட்டும் இரண்டு கேபிள். எது கியரை ஏற்றுவது, எது இறக்குவது என்று அடையாளம் வையுங்கள்.

சக்கரத்தில் கவனம். லாம்பிரட்டா ரிம் இரண்டு பாதிகளாகச் சேர்ந்தது. ஒரு செட் நட்டு சக்கரத்தை ஹப்போடு பிடிக்கிறது. இன்னொரு செட் ரிம்மின் இரண்டு பாதிகளையும் ஒன்றோடொன்று பிடிக்கிறது. டயரில் காற்று இருக்கும்போது இரண்டாவது செட்டைத் தளர்த்தினால் பாதி ரிம் முகத்துக்குப் பறந்து வரும். சக்கரத்தில் கைவைக்கும் முன் வால்வைக் கழற்றிக் காற்று முழுவதையும் விட்டுவிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இன்ஜினை இறக்குதல். நீளமான ஒரு போல்ட்தான் இன்ஜினைச் சேஸிஸில் தொங்கவிடுகிறது. இன்ஜின் பக்கம் இருபுறமும் சைலன்ட் பிளாக் என்ற ரப்பர் புஷ்கள். நாற்பது வருடம் மழையில் நின்ற வண்டியில் போல்ட்டும் புஷ்ஷும் ஒன்றாகிப் போயிருக்கும். இங்கே சுத்தியலால் அடித்தால் உடைவது போல்ட் அல்ல. அலுமினிய இன்ஜின் உடம்பின் காது. எண்ணெய் ஊற்றுங்கள், சூடாக்குங்கள், திருகிப் பாருங்கள், மறுநாள் மறுபடி. ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும். அதுவும் முடியாவிட்டால் போல்ட்டின் இரு பக்கமும் ஹாக்ஸா பிளேடால் அறுத்துவிடுங்கள். போல்ட் புதிதாகக் கிடைக்கும்.

## இன்ஜின்

கிக்கர் பக்கம் செயின் கேஸ், கிளட்ச். மறுபக்கம் ஃப்ளைவீல், காயில், பாயின்ட். கிராங்கிலிருந்து கிளட்சுக்கு இரட்டை வரிசைச் செயின் ஓடுகிறது. அதற்குமேல் தியரி வேண்டாம்.

1. பழைய கியர் ஆயிலைப் படியுங்கள். டிரெயின் பிளக்கைத் திறந்து வெள்ளைத் தட்டில் வடியுங்கள். கறுப்பாக இருந்தால் இயல்பு. பால் கலந்த டீ நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. விரலில் தேய்த்தால் மஞ்சள் மினுக்கு ஒட்டினால் புஷ் தேய்கிறது. கடுகளவு இரும்புத் துண்டு கிடைத்தால் அது ஏதோ ஒரு கியரின் பல். எங்கே உடைந்தது என்று கண்டுபிடிக்காமல் மேலே போகாதீர்கள். ஆயிலே இல்லையென்றால் அது எங்கே போனது? பெரும்பாலும் கிராங்கின் செயின் பக்க சீல் வழியாக உள்ளே இழுக்கப்பட்டு வெள்ளைப் புகையாகப் போயிருக்கும்.

2. மேல்பாகம். ஹெட், சிலிண்டர், பிஸ்டன். சிலிண்டரின் உள்சுவரில் நகத்தை மேலும் கீழும் ஓட்டுங்கள். நகம் மாட்டினால் ரீபோர். நல்ல லேத் பட்டறையில் முதலில் பிஸ்டனைக் கொடுத்து, அதை அளந்து அதற்கேற்ப போர் போடச் சொல்லுங்கள். எல்.ஐ. 150க்கு நிலையான போர் 57 மி.மீ. போர் முடிந்ததும் போர்ட் ஓரங்களின் கூர்மையை மெல்லத் தட்டிவிடச் சொல்வது முக்கியம், பலர் விட்டுவிடுவார்கள். விட்டால் ரிங் அங்கே மாட்டி ஒடியும்.

3. கிராங்க். கனெக்டிங் ராடை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். டக் டக் என்று ஆட்டம் தெரிந்தால் ராடு கிட் மாற்ற வேண்டும். பக்கவாட்டில் சற்று நகர்வது தவறல்ல, புதிதிலும் இருக்கும். ராடு மாற்றியபின் கிராங்க் நேராக இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்கும் பட்டறையில் மட்டும் இதைக் கொடுங்கள்.

4. பேரிங், சீல். எல்லாவற்றையும் மாற்றுங்கள், இதில் சிக்கனம் வேண்டாம். பேரிங்கின் மேல் பொறித்திருக்கும் எண்ணைக் காட்டி வாங்கினால் பேரிங் கடையிலேயே கிடைக்கும், "லாம்பிரட்டா சாமான்" என்று கேட்டு இரண்டு மடங்கு கொடுக்க வேண்டாம். பொருத்தும்போது இன்ஜின் உடம்பை, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுர்ரென்று ஆவியாகும் அளவுக்குச் சூடாக்குங்கள். பேரிங்கை முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்திருங்கள். கையாலேயே உட்காரும். சீலின் உதட்டுக்குக் கிரீஸ் தடவாமல் கிராங்கை நுழைக்காதீர்கள்.

5. கியர் பாக்ஸ். பல் நுனி உருண்ட கியரை மாற்றுங்கள். ஆனால் எல்.ஐ., விஜய் சூப்பர், பிற்கால லாம்பிரட்டாவான ஜி.பி. ஆகியவற்றின் கியர்களில் பல் எண்ணிக்கை வேறுபடலாம். ஒரு செட்டிலிருந்து ஒன்று, வேறு செட்டிலிருந்து ஒன்று என்று கலந்தால் பூட்டிய பிறகுதான் சிக்கல் தெரியும். எண்ட் பிளேட்டைப் போடும் முன் முதல் கியருக்கும் ஷிம்முக்கும் இடையிலான இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். 0.07 மி.மீ. முதல் 0.30 மி.மீ. வரை இருக்கலாம். ஷிம் பல கனங்களில் கிடைக்கிறது. இந்த அளவைச் சோதிக்காமல் மூடியவர்கள்தான் "மூணாவது கியர் எகிறுது" என்று திரும்பி வருவார்கள்.

6. கிளட்ச், செயின். புதுக் கார்க் பிளேட்டை ஓர் இரவு கியர் ஆயிலில் ஊறப் போடுங்கள். நடு நட்டின் லாக் வாஷரைப் புதிதாகப் போட்டு, காதை மடக்குங்கள். செயினோடு சேர்த்து இரு கைடுகளையும் பாருங்கள். பள்ளம் விழுந்த கைடில் புதுச் செயின் சத்தம் போடும்.

7. கார்புரேட்டர். ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள். பெட்ரோலில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும். கம்பி அரைப் புள்ளி பெரிதாக்கினாலும் வண்டியின் மைலேஜும் பிளக்கும் அதைச் சொல்லும்.

இன்றைய பெட்ரோல். பங்கில் கிடைக்கும் இ20இல் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். அது பழைய ரப்பர் குழாயை உப்பவைக்கும், டேப்பின் கார்க் வாஷரைக் கெடுக்கும், காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து டேங்கின் அடியில் சேர்க்கும். எத்தனால் தாங்கும் குழாயும் வாஷரும் போடுங்கள். மாதக் கணக்கில் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுங்கள்.

## தகடும் டிங்கரிங்கும்

துருவை மணல் வீசி நீக்குவது எளிது. ஆனால் டிக்கி, மட்கார்டு போன்ற மெல்லிய தகடுகளில் அதிக அழுத்தத்தில் வீசினால் தகடு சூடேறி அலை அலையாக நெளிந்துவிடும். சேஸிஸுக்கு மணல், தகடுகளுக்குப் பெயின்ட் ரிமூவரும் எமரியும்.

அரித்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். மேலே ஒரு தகட்டை ஒட்டி மூடினால் நடுவில் துரு வாழ்ந்துகொண்டே இருக்கும். சேஸிஸ் வளைந்திருந்தால் ஜிக் வைத்து நிமிர்த்துபவரிடம் கொண்டுபோங்கள். மரத்தில் கட்டி இழுக்கும் வித்தை வேண்டாம்.

வயதான டிங்கர் ஒருவர் கிடைத்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மரச் சுத்தியலும் இரும்பு டாலியும் வைத்து உட்பக்கமாகத் தட்டி நெளிவு எடுப்பவருக்கு, மயிரிழையளவு பட்டி போதும். இளைஞர் பலர் நெளிவின் மேல் நேரே பட்டியை அப்பிவிடுகிறார்கள். வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். காந்தத்தைச் சட்டைப்பையில் வைத்திருப்பதை அவர் பார்க்கட்டும்.

## பெயின்ட்டுக்கு முன் ஒருமுறை பூட்டுங்கள்

பெரும்பாலோர் தாண்டிவிடும் கட்டம் இதுதான். பிரைமர் மட்டும் அடித்த நிலையில் இன்ஜின், ஃபோர்க், ஷீல்டு, டிக்கி, டேங்க், சீட், கால் பலகை ரப்பர்கள் வரை அத்தனையும் சேஸிஸில் ஏற்றுங்கள்.

- டிக்கியின் விளிம்பும் சேஸிஸும் ஒரே இடைவெளியோடு ஓடுகின்றனவா?
- மட்கார்டில் முன் டயர் உரசுகிறதா? ஃபோர்க்கை முழுதாகத் திருப்பிப் பாருங்கள்.
- கால் பலகை, ஷீல்டு ஓட்டைகள் நேராக வருகின்றனவா?
- புதுச் சைலன்ஸர் பின் சக்கரத்தைத் தொடுகிறதா? புதுச் சாமான்கள் எல்லாம் பொருந்தும் என்று நம்ப வேண்டாம். சென்னைப் புதுப்பேட்டையில் வாங்கினாலும் டெல்லி கரோல்பாக்கிலிருந்து வரவழைத்தாலும் அரம் தேவைப்படும் சாமான் வரத்தான் செய்யும். பழைய சாமானைக் கையோடு எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்குவதே வழி.

அராவ வேண்டியதை அராவி, துளைக்க வேண்டியதைத் துளைத்து முடித்தபின் மறுபடி பிரியுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும்.

## பெயின்ட்

பழைய நிறம் எது என்று டேங்கின் அடிப்பக்கம், டூல் பாக்ஸின் உட்புறம், ஹார்ன் மூடியின் பின்புறம் ஆகிய இடங்களில் சுரண்டிப் பாருங்கள். வெயில் படாத இடத்தில் நிஜ நிறம் இருக்கும். அந்தத் துண்டைக் காட்டிக் கலவை செய்யச் சொல்லுங்கள்.

ஹார்டனர் கலக்கும் இரட்டைக் கலவைப் பெயின்ட்டில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கக் கூடியது. கைக்குட்டையோ துணி முகமூடியோ அதைத் தடுக்காது. வெளிக்காற்று வரும் முகமூடியும் பூத்தும் உள்ள பெயின்ட் கடையில் கொடுங்கள். வீட்டில் நீங்கள் செய்யத் தகுந்தது எமரியோடு நீர் விட்டுத் தேய்ப்பது வரைதான். மழைக்கால ஈரத்தில் அடித்தால் பெயின்ட் வெளுத்துப் பூக்கும்.

## வயரிங்

6 வோல்ட் வண்டி இது. பல்பு வாங்கும்போது இதை மறந்தால் 12 வோல்ட் பல்பு மெழுகுவர்த்தியாக எரியும். புது வயர் செட் போடுங்கள். பழையதை ஒட்டுப்போடுவது வீண்வேலை. புதுப் பெயின்ட்டுக்குப் பிறகு விளக்கு எரியவில்லை, ஹாரன் அடிக்கவில்லை என்றால் பத்துக்கு ஒன்பது முறை காரணம் எர்த். வயர் பூட்டும் இடத்தில் பெயின்ட்டைக் காசளவுக்குச் சுரண்டிவிடுங்கள்.

பாயின்ட்டைக் கழற்றிவிட்டு 12 வோல்ட் எலெக்ட்ரானிக் செட் போடலாமா? தினமும் ஓட்டுபவருக்கு அது நிம்மதி. போட்டால், பழைய ஃப்ளைவீலையும் காயில் பிளேட்டையும் எண்ணெய் தடவிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய செட்டே இருக்கட்டும் என்றால் பாயின்ட் இடைவெளி 0.40 மி.மீ., புதுக் கண்டன்சர்.

## முதல் ஸ்டார்ட்

1. கியர் ஆயிலை லெவல் ஓட்டையில் எட்டிப்பார்க்கும் வரை ஊற்றுங்கள்.
2. பெட்ரோலில் 2டி ஆயில்: 5 லிட்டருக்கு 200 மி.லி. தனியாகக் கேனில் கலந்து, குலுக்கிவிட்டுத்தான் டேங்கில் ஊற்ற வேண்டும்.
3. சிலிண்டரைச் சுற்றும் தகரக் கவசங்கள் போட்டாயிற்றா? ஃப்ளைவீல் விசிறியின் காற்றைச் சிலிண்டர் மேல் திருப்புவது அவைதான். "சும்மா ரெண்டு நிமிஷம் ஓட்டிப் பார்ப்போம்" என்று கவசமில்லாமல் ஓட்டினால் புதுப் பிஸ்டன் அந்த இரண்டு நிமிஷத்தில் பிடித்துக்கொள்ளும்.
4. பிளக்கைக் கழற்றி, வயரில் மாட்டி, ஹெட்டின் உலோகத்தில் அழுத்தி வைத்துக் கிக்கரை அடியுங்கள். நீலப் பொறி வர வேண்டும். பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் தெறிக்கலாம். முகத்தையும் பொறியையும் அதிலிருந்து தள்ளி வையுங்கள்.
5. வெளியிடத்தில் வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். மூடிய அறையில் புகை ஆளைச் சாய்க்கும். எடுத்ததும் இன்ஜின் வேகம் தானாக ஏறிக்கொண்டே போனால் எங்கோ காற்று கசிகிறது: கார்புரேட்டர் அடி கேஸ்கட், அல்லது ஃப்ளைவீல் பக்க சீல். உடனே நிறுத்துங்கள்.

சாலையில் இறங்கும் முன் இரண்டு பிரேக்கையும் தெருவில் தள்ளிக்கொண்டே சோதியுங்கள். புது லைனிங் படியும் வரை பிரேக் பிடிப்பு பாதிதான் இருக்கும்.

## முதல் 500 கி.மீ.

50 கி.மீ. வேகத்தைத் தாண்ட வேண்டாம். ஒரே ஆக்ஸிலேட்டரில் நெடுந்தூரம் போகாமல் ஏற்றியும் இறக்கியும் ஓட்டுங்கள். பின்னால் ஆள் ஏற்றாதீர்கள், மலைப்பாதை வேண்டாம். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை மூடிக்கொண்டு நீண்டநேரம் உருண்டால் இன்ஜினுக்குப் பெட்ரோலோடு வரும் ஆயிலும் நின்றுபோகும். அவ்வப்போது ஒரு முறுக்கு கொடுங்கள். இன்ஜின் திடீரென்று கனத்து வேகம் இறங்குவதாகத் தோன்றினால் அந்தக் கணமே கிளட்ச்சை அழுத்தி ஓரம் கட்டுங்கள். அரை மணி ஆறவிட்டால் பெரும்பாலும் பிஸ்டன் பிழைத்துவிடும்.

முதல் சில வாரங்களில் கேபிள்கள் நீளும். கிளட்ச்சையும் கியரையும் மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும். 200 கி.மீ. ஆனதும் கியர் ஆயிலை வடித்துப் புதிதாக ஊற்றுங்கள். அதையும் வெள்ளைத் தட்டில் பாருங்கள். இன்ஜின் முழுதாக ஆறியபின் ஹெட் நட்டுகளைக் குறுக்கு நெடுக்காக இறுக்குங்கள். பின் ஹப் நட்டைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். அது தளர்ந்து ஹப் ஆக்ஸிலின் கூம்பில் ஆடத் தொடங்கினால் ஹப்பும் போகும், ஆக்ஸிலும் போகும். லாக் வாஷரின் காதை நிமிர்த்தி, நட்டைக் கழற்றிப் புது லாக் வாஷர் போட்டு, ஒருவர் பின் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, நீண்ட கைப்பிடியுள்ள பாக்ஸ் ஸ்பேனரால் முழு பலத்தோடு இறுக்குங்கள். பிறகு அந்த வாஷரின் காதை நட்டின் தட்டையான பக்கத்தில் மடக்கிவிட்டு வண்டியை எடுங்கள்.